டி.சி. கொடுப்பதா, சிகிச்சைக்கு அனுப்புவதா? பசை முகர்ந்து பிடிபட்ட மூன்று மாணவர்கள்

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வட தமிழ்நாட்டில், தோல் தொழிலும் காலணித் தொழிலும் சோறு போடும் ஓர் ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஊர்ப் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் ஒருவர்கூட அந்தப் பையன்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது.

சென்ற வாரம் மதிய இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் கழிப்பறைக்குப் பின்புறம் ஆள் நடமாட்டம் தெரிந்ததால் போய்ப் பார்த்தேன். மதிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் மூவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவர் ஒன்பதாம் வகுப்பு, ஒருவன் எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்புப் பையனுக்கு வயது 13. அவன் கையில் நான்காக மடித்த கைக்குட்டை இருந்தது. என்னைக் கண்டதும் அதை ஒளித்துவைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. மூக்கின் கீழும் வாயைச் சுற்றியும் தோல் காய்ந்து வெடித்திருந்தது. புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் அடிக்குமே ஒரு நெடி, அது அவன் சட்டையெல்லாம் அடித்தது. காலணியின் அடிப்பாகத்தை ஒட்டும் பசையை ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மற்றவர்களில் ஒருவன் கீழுதட்டுக்குள் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் ஒன்றை அடக்கி வைத்திருந்தான்.

பசை எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "வீட்டிலேயே இருக்குது சார்" என்றான். அவன் அம்மா ஒப்பந்தக்காரரிடம் வாங்கிவந்து வீட்டுத் திண்ணையில் வைத்துக் காலணி ஒட்டுகிறவர்.

பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. மூவருக்கும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடலாம், எதிர்காலம் கெடாமல் இருக்க அதில் காரணத்தை எழுத வேண்டாம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அதைக் கருணை என்றே எல்லோரும் நம்பினார்கள். தலைமையாசிரியர் திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறார். குழந்தைகளுக்கு நல உரிமை என்று ஒன்று சட்டத்தில் இருப்பதாகப் பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். அந்த உரிமை இந்த மூவருக்கும் உண்டா, உண்டென்றால் திங்கட்கிழமை காலையில் நான் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரு பெண்களின் தந்தை

ஆசிரியர் அவர்களுக்கு, உங்கள் மனம் புரிகிறது. ஆனால் அந்த மேலாண்மைக் குழுவில் நான் இருந்திருந்தால் டி.சி.க்குத்தான் கை தூக்கியிருப்பேன், அதை மறைக்க விரும்பவில்லை. என் இளைய மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் மூன்று பேரின் நல உரிமையைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுகிறோம். மீதி முப்பத்தேழு பேருக்கும் அதே உரிமை இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. இந்தப் பழக்கம் ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குத் தொற்றுகிறது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒன்பதாம் வகுப்புதான் என்று நீங்கள் எழுதியதிலிருந்தே ஊகிக்க முடிகிறது.

எங்கள் காலத்தில் வாத்தியார் பிரம்பை எடுத்தால் அப்பா வந்து இன்னும் இரண்டு போடுங்கள் என்பார். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் எதற்கும் விளைவு இல்லை என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டால் அதன் விலையையும் நாம்தான் கொடுக்க வேண்டும். பள்ளி என்பது மருத்துவமனை அல்ல. சிகிச்சை கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு, கூடவே அரசின் பொறுப்பு. அதை முடித்துவிட்டு வரட்டும், சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்ற வராந்தா

இளைஞர் நீதிக் குழுமத்தில் பல ஆண்டுகளாக வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். பசை முகர்ந்ததால் அந்த மூவரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் காலணிப் பசை கிடையாது. "பிடிபட்டார்கள்" என்ற சொல்லையே நாம் எல்லோரும் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம், இழையின் தலைப்பு உட்பட.

இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 2(14) பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று வரிசையாகச் சொல்கிறது. போதைப் பழக்கத்திலோ போதைக் கடத்தலிலோ இழுக்கப்படும் அபாயத்தில் இருக்கும் குழந்தை அந்த வரிசையில் வெளிப்படையாகவே இடம்பெறுகிறது. ஆகவே ஆசிரியர் தட்ட வேண்டிய கதவு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும்தான். காவல் நிலையம் அல்ல. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்தாலும் அங்கேதான் போய்ச் சேரும். இதைக் கேட்டதும் பையனை இல்லத்தில் அடைத்துவிடுவார்கள் என்று பெற்றோர் அஞ்சுவார்கள். பொறுப்பான பெற்றோர் இருக்கும்போது குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஆலோசனைக்கும் மருத்துவத்துக்கும் ஆணையிட நலக் குழுவால் முடியும். இல்லம் என்பது கடைசி வழி என்று அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளே சொல்கின்றன.

டி.சி. விஷயத்தில் மூவரும் ஒன்றல்ல. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் தேர்ச்சி தொடர்பாக அந்தப் பிரிவைத் திருத்தியபோதும் இந்தத் தடையைத் தொடவில்லை. காரணம் எழுதாத டி.சி. என்றாலும் பெற்றோர் கேட்காமல் கொடுத்தால் அது வெளியேற்றம்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அந்தப் பிரிவின் நிழல் இல்லை. மிக ஆபத்தான வயதில் இருப்பவர்களைச் சட்டம் வாசலிலேயே விட்டுவிட்டது என்பது என் நெடுநாள் வருத்தம்.

கேட்டீர்களே, நல உரிமை உண்டா என்று. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் இணைந்தது. அதன் 33ஆம் பிரிவு போதைப்பொருள்களிலிருந்து குழந்தைகளைக் காக்கச் சொல்கிறது. ஆனால் அது பேசுவது பன்னாட்டு ஒப்பந்தங்கள் பட்டியலிட்ட பொருள்களைப் பற்றி. பசை முகரும் குழந்தைக்குப் பற்றுக்கோடு 24ஆம் பிரிவுதான்: எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலமும், நோய்க்குச் சிகிச்சையும், நலம் திரும்புவதற்கான வசதியும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவை. பசையில் இருப்பது போன்ற கரைப்பான்களிலிருந்தும் மதுவிலிருந்தும் புகையிலையிலிருந்தும் குழந்தைகள் காக்கப்பட வேண்டும் என்று இந்தப் பிரிவுக்கு ஐ.நா. குழு 2013இல் தந்த விளக்கவுரை கூறுகிறது. நம் அரசமைப்பின் 39(ஊ), 47ஆம் பிரிவுகளும் அரசுக்கு அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன.

இது ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்கு ஒன்று. பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 14 அன்று தீர்ப்பளித்தது. பள்ளிக் குழந்தைகளிடையே போதைப் பழக்கம் எவ்வளவு என்று ஆறு மாதத்துக்குள் கணக்கெடுக்க வேண்டும், நான்கு மாதத்துக்குள் தேசியத் திட்டம் வகுக்க வேண்டும், பாடத்திட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்பன அதன் ஆணைகள். கணக்கெடுப்பு அறிக்கை 2019 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. ஆறு மாதம் என்பது அரசுக் கடிகாரத்தில் எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இரு பெண்களின் தந்தை அவர்களே, உங்கள் முப்பத்தேழு பேரை நான் மறக்கவில்லை. பழக்கம் பரவுகிறது என்பது உண்மைதான். ஆனால் டி.சி. வாங்கிய பையன் அதே தெருவில்தான் இருப்பான். பகல் முழுவதும் வேலையில்லாமல் இருப்பான். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளி விட்டு அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். இழை பசையைப் பற்றியது என்றாலும் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். பசையில் தொடங்குகிறவர்கள் சிலர் பிறகு எங்கள் கவுன்ட்டருக்கு வருகிறார்கள். கைப்பேசியில் மருந்துச் சீட்டின் படம் ஒன்று இருக்கும். தேதி இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் மறைத்துக் காட்டுவார்கள். கேட்பது டேபென்டடால், கடும் வலிக்கான மாத்திரை. அதைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்பது சென்னைச் செய்திகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் இருக்கும் மாவுப் பொருள் இரத்தக் குழாயில் போனால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள், கெடுபிடி வந்தது, கூட்டம் அதன் உறவுக்கார மாத்திரைக்கு நகர்ந்துவிட்டது. நான் இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். எல்லோரும் அப்படி அனுப்புகிறோம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

புறநோயாளிப் பிரிவு

மனநல மருத்துவராக அரசு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். ஆசிரியருக்கு முதலில் ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பசையோ தின்னரோ முகர்ந்துகொண்டிருக்கும் குழந்தையைத் துரத்தாதீர்கள், திடீரென்று அதட்டாதீர்கள். அந்த ஆவி இதயத்தை, பயத்தில் சுரக்கும் அட்ரினலினுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்ட வைக்கிறது. அந்த நேரத்தில் பயந்து ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, முதல் முறை முகர்ந்த பையன்கூட அங்கேயே விழுந்து இறக்கலாம். காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, துணியை மெல்ல வாங்கி வைத்துவிட்டு, சாதாரணக் குரலில் பேச வேண்டும். மதில் ஏறிக் குதித்து ஓடும் பையனின் பின்னால் உடற்கல்வி ஆசிரியரை ஓடவிடும் பள்ளிகளை அறிவேன்; அதனால்தான் அழுத்தி எழுதுகிறேன்.

வழக்கறிஞர் குறிப்பிட்ட 2019 அறிக்கை டெல்லி எய்ம்ஸின் தேசியப் போதை சிகிச்சை மையம் செய்த ஆய்வு. அதில் என் கண்ணில் பட்டு அகலாத எண் ஒன்று உண்டு. மது, கஞ்சா, அபின் வகைகள் எல்லாவற்றிலும் பெரியவர்களின் விகிதம்தான் அதிகம். முகரும் பொருள்களில் மட்டும் இது தலைகீழ்: 10 முதல் 17 வயதுள்ளவர்களில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58 விழுக்காடு. நாடு முழுவதும் 4.6 லட்சம் குழந்தைகளுக்கு இதற்காக உதவி தேவைப்படுகிறது என்று அது மதிப்பிட்டது. குழந்தைகளுக்கே உரிய போதை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். கஞ்சா வேட்டை எத்தனை முறை நடந்தாலும் இது வலையில் விழாது, ஏனென்றால் இது திண்ணையில் டப்பாவில் திறந்தபடி இருக்கிறது.

உங்கள் ஊருக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. காலணிப் பசைகளில் டொலுயீன் என்ற கரைப்பான் இருக்கும், சிலவற்றில் ஹெக்ஸேன் என்ற இன்னொன்று இருக்கும். டொலுயீன் நீண்ட நாள் உள்ளே போனால் மூளையின் வெண்பொருளைச் சிதைக்கும். நடை தள்ளாடும், படித்தது நிற்காது. ஹெக்ஸேன் கைகால் நரம்புகளைத் தாக்கும். 1960களில் ஜப்பானில் வீட்டிலிருந்தபடி செருப்பு ஒட்டிய தொழிலாளர்களுக்குக் கால்கள் மரத்து நடக்க முடியாமல் போனதைப் பார்த்துத்தான் மருத்துவ உலகம் இதைத் தெளிவாக அறிந்துகொண்டது. அவர்கள் யாரும் போதைக்காக முகரவில்லை, காற்றோட்டமில்லாத அறையில் வேலை செய்தார்கள், அவ்வளவுதான். ஆகவே அந்தப் பையன்களை மட்டுமல்லாமல் எட்டாம் வகுப்புப் பையனின் தாயாரையும் அழைத்துவரச் சொல்லுங்கள். அவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

சிகிச்சை என்றதும் பலரும் மூன்று மாதம் உள்ளே வைப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பசைக்கு மாற்று மருந்து என்று ஏதும் இல்லை. வாரம் ஒரு முறை புறநோயாளியாக வந்து பேசுவதும், தூக்கம், பசி, படிப்பில் பின்தங்கல், வீட்டில் குடி, அடி என்று பின்னால் இருப்பவற்றைக் கண்டுபிடிப்பதும்தான் பெரும்பகுதி. மனச்சோர்வோ கவனக்குறைவு நோயோ இருந்தால் அதற்கு மருந்து உண்டு. உள்ளே சேர்க்க நேர்ந்தால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 87ஆம் பிரிவு கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது. இருவர் தனித்தனியே பரிசோதித்து அவசியம் என்று சொல்ல வேண்டும். பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தனி இடத்தில் வைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்த ஒருவரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அருமையான பிரிவு. ஆனால் தனி வார்டு இல்லாத மையங்கள் "பதினெட்டு ஆனபிறகு வாருங்கள்" என்று கைவிரிக்கின்றன, தினக்கூலி வாங்கும் தாய்க்கு மூன்று வாரம் உடனிருக்க வழியில்லை. நல உரிமை எங்கே அறுந்துபோகிறது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

ஆடி வெள்ளி

மருத்துவர் அம்மா அல்லது ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் மகனுக்கு இப்போது 22 வயது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது பையில் கஞ்சா இருந்தது என்று பள்ளியில் அழைத்துச் சொன்னார்கள். அவர்கள் கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். டி.சி.யை முன்பே எழுதி உறையில் போட்டு வைத்திருந்தார்கள். கையெழுத்து போட எனக்குப் பேனாவும் அவர்களே கொடுத்தார்கள்.

பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். மாதம் 15,000 ரூபாய். முதல் மாதம் பார்க்கவே கூடாது என்றார்கள். பதினைந்து வயதுப் பையனை நாற்பது, ஐம்பது வயதுக் குடிகாரர்களோடு ஒரே கூடத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். அங்கே மருத்துவர் வாரத்துக்கு ஒரு முறை வந்து எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டுப் போவார் என்பது பின்னால்தான் தெரிந்தது. மூன்று மாதம் கழித்து மொட்டைத் தலையோடு வந்தான், யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் எழுந்து நிற்பான். உள்ளே போகும்வரை அவனுக்குக் கஞ்சா மட்டும்தான் தெரியும். எந்த மாத்திரையை எங்கே வாங்கலாம் என்பதை அங்கே படுத்திருந்தவர்களிடம்தான் கற்றுக்கொண்டு வந்தான்.

அவன் இப்போது நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான். ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி முடிக்க நான்கு ஆண்டு ஆனது. இரு பெண்களின் தந்தை ஐயா, நீங்கள் தவறாக எதுவும் எழுதவில்லை. நானும் அந்த வகுப்பில் இன்னொரு பிள்ளையின் அம்மாவாக இருந்திருந்தால் அதையேதான் எழுதியிருப்பேன்.

இரு பெண்களின் தந்தை

அம்மா, உங்கள் பதிவுக்கு என்னிடம் பதில் இல்லை. மன்னியுங்கள்.

டி.சி. வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று பேர் கண்ணில் பட்டார்கள் என்றால் படாதவர்கள் எத்தனை பேர்? ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுமே? பார்வைப் பரிசோதனையும் இரத்தசோகைப் பரிசோதனையும் பள்ளியில் நடக்கத்தானே செய்கின்றன? இதைத் தண்டிப்பதற்காகக் கேட்கவில்லை, சிகிச்சைக்காகவே கேட்கிறேன்.

புறநோயாளிப் பிரிவு

நியாயமான கேள்வி. ஆனால் கடையில் கிடைக்கும் பரிசோதனை அட்டைகள் கஞ்சாவையும் அபின் வகைகளையும் காட்டும், பசையைக் காட்டாது. அந்த மூவரையும் சோதித்தால் மூவரும் "தூய்மையானவர்கள்" என்றுதான் வரும். கஞ்சாவோ நிறுத்திய பிறகும் நாள்கணக்கில், சிலரிடம் வாரக்கணக்கில் காட்டும். சில இருமல் மருந்துகள் குடித்த பிள்ளையைப் போதைக்காரன் என்று அட்டை தவறாகச் சொல்வதும் உண்டு. அந்த ஒரு நாளில் அந்தப் பிள்ளையின் பெயர் ஊர் முழுக்கப் போய்விடும். இரத்தசோகை என்று தெரிந்தால் யாரும் கையெழுத்து வாங்கி வெளியே அனுப்புவதில்லையே, வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

போதைத் தடுப்புக்கென்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் 2013இல் வெளியிட்டு 2018இல் புதுப்பித்த வழிகாட்டு நெறிகள், அச்சுறுத்தும் படங்களும், திருந்தியவர்களை மேடையேற்றிப் பேசவைப்பதும், பிள்ளைகளைப் பொத்தாம்பொதுவாகச் சோதிப்பதும் பலன் தந்ததற்குச் சான்று இல்லை என்கின்றன. நாம் போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று இவற்றைத்தான் தவறாமல் செய்கிறோம். வெயிலில் பேரணி போய், ஊசி படம் போட்ட பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை அன்றுதான் ஊசி என்ற ஒன்றை முதன்முதலில் கேள்விப்படுகிறது. வேண்டாம் என்று நண்பனிடம் சொல்வது எப்படி, கோபத்தை என்ன செய்வது என்பவற்றை வாரம் ஒரு வகுப்பாகப் பல மாதங்கள் பழக்குவதற்குத்தான் சான்று இருக்கிறது. அதற்குப் புகைப்படம் எடுக்க முடியாது என்பதால் யாருக்கும் ஆர்வம் இல்லை.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

கூல் லிப்பை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. மெல்லும் புகையிலைக்கு 2013 முதல் மாநிலத்திலேயே தடை ஆணை இருக்கிறது. 2024இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையும் பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் புழங்குவது பற்றி அரசுகளைக் கேள்வி கேட்டது. எல்லாம் சரி. குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இருக்கிறதே, அதை ஏன் போடுவதில்லை என்று எங்களைக் கேட்பார்கள். முன்பு போட முடிந்தது. 2021இல் செய்து 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த வகைக் குற்றங்களில் நீதித்துறை நடுவரின் ஆணை இல்லாமல் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியவோ விசாரிக்கவோ முடியாது. குழந்தைகளை வைத்துப் போதைப்பொருள் கடத்துவதற்கான 78ஆம் பிரிவுக்கும் அதே கதி. எந்த ஏட்டு நீதிமன்றப் படி ஏறி ஒரு பெட்டிக்கடைக்காக மனுப் போட்டுக்கொண்டிருப்பார்? ஆசிரியர் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுக்கட்டும். கடைக்குச் சீல் வைக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. தூரத்தை அளந்து எழுதினால் தட்டிக்கழிக்க முடியாது.

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் 16ஆம் பிரிவை அச்சிட்டுத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, "எட்டாம் வகுப்புக்குத்தானே இது?" என்று அவர் கேட்டபோது உள்ளுக்குள் சுருக்கென்றது, பிறகு அவரே, "ஒருவனை வைத்துக்கொண்டு இருவரை அனுப்பினால் பார்க்க நன்றாகவா இருக்கும்?" என்றார். சட்டம் செய்யாததை அவருடைய கூச்சம் செய்தது. குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு பெண் அலுவலர் வந்து பெற்றோர்களைத் தனித்தனியே சந்தித்தார்.

எட்டாம் வகுப்புப் பையனும் அவன் அம்மாவும் வியாழக்கிழமைகளில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகிறார்கள். அம்மாவுக்கு ஆறு மாதமாகக் கால் விரல்கள் மரத்துப் போவதுண்டாம். சர்க்கரை என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பசை டப்பா இப்போது திண்ணையிலிருந்து மொட்டை மாடிக்குப் போயிருக்கிறது. வேலையை விட முடியுமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

பெட்டிக்கடைத் தூரத்தை, நீளம் தாண்டுதலுக்கு வைத்திருக்கும் நாடாவால் நானும் உடற்கல்வி ஆசிரியரும் சனிக்கிழமை அளந்தோம். பள்ளி வாசலிலிருந்து 64 மீட்டர். புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் நாங்கள் அளப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, டீ சாப்பிடுகிறீர்களா சார் என்று கேட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் வகுப்பில் இருக்கிறான். ஆலோசனைக்கு ஒரு முறை போனான், மறுமுறை போகவில்லை, மீண்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். மற்றவனின் தந்தை, மானம் போய்விட்டது என்று தாமாகவே வந்து விண்ணப்பம் கொடுத்து டி.சி. வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அலுவலக உதவியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டு வாங்கியதால் சட்டப்படி பள்ளி மேல் குறை ஏதும் இல்லையாம். பையனை அவனுடைய மாமா ஒருவரின் பட்டறையில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். காலணிக்கு அடிப்பாகம் ஒட்டும் பட்டறை. நேற்று மாலை அந்தத் தெரு வழியாகப் போனேன். உள்ளே கடைசி வரிசையில், ஜன்னல் இல்லாத பக்கம், தூரிகையைப் பசையில் தோய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

அவனுக்கு 14 வயது. அந்தப் பட்டறை வேலை வளரிளம் பருவத்தினருக்குத் தடை செய்யப்பட்ட அபாயத் தொழில் பட்டியலில் வருகிறதா என்று வழக்கறிஞர் ஐயா பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். நாளைக் காலை பத்து மணிக்கு அந்தப் பெண் அலுவலரோடு அங்கே போகிறேன்.